பாட்டு வாங்கியவரிடம், சாவி விற்றவரிடம்

பாட்டுக் கேட்பதற்கென்றே செய்யப்பட்டு, பேசுவதற்கோ படமெடுப்பதற்கோ பயன்படாத கையடக்கக் கருவிகள், எம்.பி.3 பிளேயர் என்ற பெயரோடு 1998-ஆம் ஆண்டில் கடைகளுக்கு வந்தன. மனிதக் காதுக்கு எளிதில் புலப்படாத ஒலிக்கூறுகளை நீக்கிப் பாட்டைச் சிறு கோப்பாகச் சுருக்கும் முறைக்கு எம்.பி.3 என்று பெயர். ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனம் அதன் உருவாக்கத்தில் முதன்மைப் பங்கு வகித்தது. தென் கொரியாவின் சேஹான் நிறுவனம் வெளியிட்ட எம்பிமேன் என்ற முதல் கருவியில் 32 மெகாபைட் இடமே இருந்ததால், ஓர் இசைத்தட்டின் பாடல்கள்கூட அதில் முழுமையாக அடங்கவில்லை. அங்கிருந்து பத்தே ஆண்டுகளில் இக்கருவிகள் ஆண்டுக்குக் கோடிக்கணக்கில் விற்கும் நிலையை எட்டின. அடுத்த பத்தாண்டுகளில் அவற்றைச் செய்த பெருநிறுவனங்களில் பல ஒவ்வொன்றாகக் கையை விரித்தன. காசு கொடுத்து வாங்கி, பார்த்துப் பார்த்துப் பாடல்களைச் சேர்த்து, இன்றும் அதே கருவியில் கேட்க விரும்பும் இலட்சக்கணக்கானோர் இதனால் நடுவழியில் நிற்கிறார்கள். அவர்களுடைய மனக்குறையைப் பழைய பொருளின் மீதான பற்று என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அந்தக் குறையின் உள்ளே, விற்பனை என்றால் என்ன, உடைமை என்றால் என்ன என்ற அடிப்படைக் கேள்வி இருக்கிறது.

கேசட் பிளேயர் வாங்கியவருக்கு, பணம் கொடுத்து ரசீது பெற்ற பிறகு, அதைச் செய்த நிறுவனத்தோடு பெரும்பாலும் எந்த உறவும் தேவைப்படவில்லை. ரப்பர் பெல்ட் தளர்ந்தால் ரேடியோ மெக்கானிக் வேறொன்றை மாட்டித் தந்தார். பேட்டரி தீர்ந்தால் பெட்டிக்கடையில் இரண்டு வாங்கிப் போட்டுக்கொள்ள முடிந்தது. சோனி 1979-இல் வெளியிட்ட முதல் வாக்மேனைக்கூட, ஓடும் நிலையில் வைத்திருப்பவர்கள் யாருடைய அனுமதியும் இல்லாமல் இன்றும் ஓட்டலாம். எண்முறை பிளேயரின் கதை வேறு. பலவற்றில் பேட்டரி உள்ளே அடைபட்டிருக்கிறது. பாட்டை ஏற்றுவதற்குப் பலவற்றுக்குக் கணினியில் தனி மென்பொருள் வேண்டும். சில வகைப் பாடல்கள் ஒலிப்பதற்கு, எங்கோ தொலைவில் நிறுவனம் நடத்தும் சர்வர் ஒன்று சம்மதம் தரவேண்டும். இம்மூன்றும் தடையின்றிக் கிடைத்துக்கொண்டிருப்பதைத்தான் ஆதரவு என்ற சொல் இந்தத் துறையில் குறிக்கிறது. இவற்றில் ஒன்று நின்றாலும், உடைந்த பாகம் எதுவுமின்றியே கருவி ஊமையாகிவிடும்.

இந்தச் சரிவை முழுமையாகக் காட்டுவது ஐபாட்டின் வரலாறு. 2001 அக்டோபர் 23 அன்று ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸ் அறிமுகப்படுத்திய முதல் ஐபாட், தோஷிபா தயாரித்த 1.8 அங்குல ஹார்டு டிஸ்க்கில் 5 கிகாபைட் அளவுக்கு, அதாவது சுமார் 1,000 பாடல்களைச் சட்டைப்பைக்குள் அடக்கியது. விலை 399 டாலர். 2003 ஏப்ரலில் பாட்டு ஒன்றுக்கு 99 சென்ட் என்ற விலையில் ஐடியூன்ஸ் கடை திறக்கப்பட்டதும், இசைத்தட்டு வாங்கும் பழக்கமே மாறத் தொடங்கியது. 2008 நிதியாண்டில் மட்டும் 5 கோடியே 48 இலட்சம் ஐபாட்கள் விற்றன. 2011 அக்டோபரில் மொத்த விற்பனை 30 கோடியைத் தாண்டிவிட்டதாக நிறுவனமே அறிவித்தது. அதன் பிறகு எல்லாம் இறக்கம்தான். 160 கிகாபைட் இடத்தில் 40,000 பாடல்கள் வரை கொள்ளும் என்று விளம்பரப்படுத்தப்பட்ட ஐபாட் கிளாசிக் 2014 செப்டம்பரிலும், நானோவும் ஷஃபிளும் 2017 ஜூலையிலும், கடைசியாக எஞ்சியிருந்த ஐபாட் டச் 2022 மே மாதத்திலும் நிறுத்தப்பட்டன. விற்பனை நின்று ஐந்தாண்டு கடந்த பொருளை விண்டேஜ் என்றும், ஏழாண்டு கடந்ததைக் காலாவதியானது என்றும் ஆப்பிள் வகைப்படுத்துகிறது. காலாவதிப் பட்டியலில் சேர்ந்த ஐபாட்டை நிறுவனத்தின் பழுதுநீக்கும் மையங்கள் கையில் வாங்குவதில்லை.

ஆதரவின் அந்த மூன்று கூறுகளில் பேட்டரிப் பிரச்சினைதான் முதலில் வெடித்தது. லித்தியம் அயனி பேட்டரி என்பது பயன்படுத்தப் பயன்படுத்தத் தேயும் இரசாயனப் பொருள். 400 முறை முழுமையாகச் சார்ஜ் ஏறி இறங்கிய பிறகும் 80 சதவீதக் கொள்ளளவு இருக்கும்படி ஐபாட் பேட்டரி வடிவமைக்கப்பட்டிருப்பதாக ஆப்பிளே கூறியது. தினமும் கேட்பவருக்கு இது இரண்டு மூன்று ஆண்டுக் கணக்குத்தான். தேயும் என்று தெரிந்த பொருளை வாடிக்கையாளர் மாற்ற முடியாத இடத்தில் வைத்தது வடிவமைப்பாளர்கள் எடுத்த முடிவு. 2003-இல், பேட்டரி தேய்ந்த ஐபாட்டுக்குப் புதிய ஐபாட் வாங்குவதே மேல் என்று சொல்லப்பட்டதால் மனம் கொதித்த நியூயார்க்கின் நைஸ்டாட் சகோதரர்கள், நகரத்துச் சுவரொட்டிகளின் மீது எச்சரிக்கை வாசகத்தை அச்சிட்டுப் படமாக்கி வெளியிட்டது பெரும் பேச்சாயிற்று. அதே காலகட்டத்தில் 99 டாலருக்கு பேட்டரி மாற்றும் திட்டத்தை ஆப்பிள் தொடங்கியது. தொடர்ந்து நடந்த கூட்டுவழக்கு 2005-இல் சமரசத்துக்கு வந்து, பழைய மாடல்களை வாங்கியவர்களுக்கு 50 டாலர் கூப்பனோ மாற்று பேட்டரியோ கிடைக்க வழி செய்தது.

இன்று ஐபாட் கிளாசிக் ஒன்றின் பேட்டரியை வீட்டில் மாற்ற முனைபவர் எதிர்கொள்வது என்ன என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். மேலே அலுமினியம், கீழே பளபளக்கும் எஃகு என இரண்டு ஓடுகளும் கொக்கிகளால் ஒன்றையொன்று கவ்வியிருக்கின்றன. வெளியே ஒரு திருகாணிகூடக் கண்ணில் படாது. மெல்லிய உலோகத் தகட்டை விளிம்பில் செருகி, ஒவ்வொரு கொக்கியாக நெம்ப வேண்டும். சற்று அழுத்தம் கூடினாலும் எஃகு ஓடு வளைந்துவிடும், வளைந்தது பிறகு ஒழுங்காகப் பொருந்தாது. ஓடு பிரிந்ததும் சட்டென்று விரித்துவிடவும் கூடாது. ஏனெனில் பின் ஓட்டில் ஒட்டியிருக்கும் பேட்டரியையும் இயர்போன் துளையையும் முன்பக்கச் சுற்றுப்பலகையோடு இணைப்பவை நாடா போன்ற இரண்டு மெல்லிய கேபிள்கள். அவற்றைப் பிடித்திருக்கும் நகக்கண் அளவு பிளாஸ்டிக் பூட்டைத் தூக்கும்போது கை நடுங்கினால் பூட்டு உடையும், அதோடு முயற்சி முடிந்தது. சில டாலர் விலையுள்ள பேட்டரியை மாற்ற இத்தனை கைத்திறன் தேவைப்படுவது பொறியியலின் கட்டாயம் என்று கொள்வதற்கில்லை. ஓட்டில் நான்கு திருகாணிகளுக்கு இடம் விட்டிருந்தால் தடிமன் ஒரு மில்லிமீட்டர் கூடியிருக்கலாம். கருவியின் ஆயுள் இரு மடங்காகியிருக்கும்.

மென்பொருளால் வரும் தடை இதைவிட நுட்பமானது. ஐபாட்டைக் கணினியில் இணைத்து, மறைத்து வைக்கப்பட்ட அதன் கோப்புறையைத் திறந்து பார்த்தால், பாடல்கள் எல்லாம் பொருளற்ற நான்கெழுத்துப் பெயர்களோடு எஃப்00, எஃப்01 என்ற வரிசையில் கலைந்து கிடக்கும். எந்தக் கோப்பு எந்தப் பாட்டு என்பதைச் சொல்லும் அட்டவணை தனியே இருக்கிறது. அந்த அட்டவணையை எழுதும் வேலை ஐடியூன்ஸ் மென்பொருளுக்கு உரியது. பாட்டுக் கோப்பை நேரே இழுத்துப் போட்டால் அது கருவிக்குள் போய்ச் சேரும், ஆனால் அட்டவணையில் ஏறாததால் திரையில் தோன்றாது. வேறு மென்பொருள்கள் அந்த அட்டவணையை எழுதக் கற்றுக்கொண்டன; 2007 செப்டம்பரில் வந்த மாடல்களில் அட்டவணைக்கு ஒரு சரிபார்ப்பு முத்திரை சேர்க்கப்பட்டு, முத்திரை பொருந்தாவிட்டால் ஐபாட் பாடல்களையே காட்டாது என்று ஆயிற்று. முத்திரையின் இயக்கத்தை ஆராய்ந்தவர்களின் குறிப்புகளை வெளியிட்டதற்காக ஆப்பிளின் வழக்கறிஞர்கள் நோட்டீஸ் அனுப்ப, பதிப்பித்த ஓடியோவொர்க்ஸ் நிறுவனம் 2009 ஏப்ரலில் நீதிமன்றம் சென்றது; ஜூலையில் ஆப்பிள் நோட்டீஸைத் திரும்பப் பெற்றது. ஐடியூன்ஸின் இத்தகைய கட்டுப்பாடுகள் போட்டியை ஒழிக்கும் நோக்கம் கொண்டவை என்று தொடுக்கப்பட்ட இன்னொரு பெரிய வழக்கில், 2014 டிசம்பரில் கலிபோர்னியாவின் ஜூரிகள் ஆப்பிளின் பக்கமே தீர்ப்பளித்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சட்டப்படி குற்றமில்லை என்றாலும், விளைவு வாடிக்கையாளரின் தலையில்தான் விடிந்தது. 2019 அக்டோபரில் மேக் கணினிகளில் ஐடியூன்ஸ் பல துண்டுகளாகப் பிரிக்கப்பட்டபோது, ஐபாட்டில் பாட்டு ஏற்றும் வேலை கோப்புகளைக் காட்டும் ஃபைண்டர் செயலிக்கு மாற்றப்பட்டது. பல ஆண்டுகளாகப் பழகிய வழி மறுநாள் காலையில் இல்லை.

மாதச் சந்தா கட்டி ஆப்பிள் மியூசிக் சேவையில் சேர்ந்தவர், அதே நிறுவனத்தின் கிளாசிக்கையோ நானோவையோ ஷஃபிளையோ வைத்திருந்தாலும், சந்தாப் பாடல்களை அதில் ஏற்ற முடியாது. சந்தா தொடர்கிறதா என்று இணையம் வழியே சரிபார்க்கும் வசதி அக்கருவிகளில் இல்லாததே காரணம். உலகப் பதிவிசை வருமானத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இப்போது ஸ்ட்ரீமிங் எனப்படும் இணையவழி ஒலிபரப்பிலிருந்தே வருகிறது. ஆகவே இசைத் தொழிலின் பெரும்பகுதி பழைய பிளேயர்களுக்குக் கதவடைத்த நிலையில்தான் நடக்கிறது.

சர்வரின் சம்மதத்தை நம்பிப் பாட்டு வாங்கியவர்கள் அடைந்த இழப்பு எல்லாவற்றிலும் கொடியது. பாடல் கோப்பைப் பூட்டி, உரிய கணினியிலும் பிளேயரிலும் மட்டும் திறக்கும்படி செய்யும் ஏற்பாட்டுக்கு எண்முறை உரிமை மேலாண்மை என்று பெயர், சுருக்கமாக டி.ஆர்.எம். என்பார்கள். நிச்சயம் ஒலிக்கும் என்ற பொருள்படும் பிளேஸ்ஃபார்ஷ்யூர் முத்திரையை 2004-இல் அறிமுகப்படுத்திய மைக்ரோசாஃப்ட், 2006 நவம்பரில் சூன் என்ற தன் சொந்த பிளேயரை வெளியிட்டபோது, அந்த முத்திரையோடு விற்கப்பட்ட பாடல்கள் சூனில் ஒலிக்கவில்லை. 2008 ஏப்ரலில், தன் எம்.எஸ்.என். மியூசிக் கடையில் விற்ற பாடல்களுக்குப் புதிய சாவி தருவது ஆகஸ்ட் இறுதியோடு நிற்கும் என்று அதே நிறுவனம் அறிவித்தது. கணினியை மாற்றினால் வாங்கிய பாட்டெல்லாம் பூட்டோடு கிடக்கும் என்பது அதன் பொருள். வாடிக்கையாளர்கள் கொந்தளித்த பிறகு 2011 இறுதி வரை தவணை தரப்பட்டது. யாஹூ அதே 2008-இல் தன் சர்வர்களை மூடி, நட்ட ஈடாகக் கூப்பனோ பணமோ தர வேண்டியதாயிற்று. சூன் கருவியின் தயாரிப்பு 2011-இலும் அதன் சேவைகள் 2015 நவம்பரிலும் முடிந்தன.

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலச் சிறைகளில் நடந்ததை இங்கே சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் வேறு கடைக்குப் போகும் வசதியே இல்லாத வாடிக்கையாளருக்கு ஆதரவு நின்றால் என்ன ஆகும் என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு இல்லை. 2011 முதல் அம்மாநிலச் சிறைத்துறை, தனியார் ஒப்பந்ததாரர் மூலம் கைதிகளுக்கு எம்.பி.3 பிளேயர்களை விற்றது. பாட்டு ஒன்றின் விலை 1.70 டாலர், அதாவது வெளியுலக விலையைவிடக் கூடுதல். அங்கே கைதிகளில் பெரும்பாலோருக்குச் சிறை வேலைக்குக் கூலி கிடையாது; பணம் வீட்டிலிருந்து, தாயும் மனைவியும் அனுப்பித்தான் வந்தது. சில ஆண்டுகளில் சுமார் 67 இலட்சம் பாடல்கள், ஏறத்தாழ 1 கோடியே 13 இலட்சம் டாலருக்கு விற்றன. வாங்கிய பாட்டு எப்போதும் வாங்கியவருக்கே உரியது என்ற எண்ணத்தில்தான் அவர்கள் வாங்கினார்கள். 2017-இல் சிறைத்துறை ஜேபே என்ற வேறு நிறுவனத்தோடு டேப்லெட்டுகளுக்கு ஒப்பந்தம் செய்துகொண்டது. பழைய பிளேயர்களை ஒப்படைத்துவிட வேண்டும், பாடல்கள் புதிய கருவிக்கு மாறாது என்ற அறிவிப்பு வந்தது. வேண்டுமானால் கட்டணம் செலுத்திப் பாடல்களைச் சிறைக்கு வெளியே ஒரு முகவரிக்கு அனுப்பிக்கொள்ளலாம் என்பதே கிடைத்த சலுகை. நீண்ட தண்டனை பெற்ற ஒருவருக்கு வெளியே உள்ள முகவரியில் பாட்டு இருந்து என்ன பயன்? 2019-இல் இது கூட்டுவழக்காகக் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குச் சென்றது. பிளேயர்கள் பழுதாகவில்லை, பாடல்களும் அழியவில்லை; ஒப்பந்தம் மட்டுமே கைமாறியது.

நிறுவனங்களின் பக்கமும் நியாயம் இல்லாமலில்லை. ஐபாட் கிளாசிக்கை நிறுத்தியதற்கு, அதற்கான பாகங்கள் உலகில் எங்கும் கிடைக்காமல் போனதே காரணம் என்று 2014 அக்டோபரில் ஆப்பிளின் தலைமை நிர்வாகி டிம் குக் விளக்கினார். கைப்பேசியே பாட்டும் பாடத் தொடங்கிய பிறகு 1.8 அங்குல ஹார்டு டிஸ்க்குக்குக் கிராக்கி குறைந்தது உண்மை. குறைந்து போன விற்பனைக்காகத் தொழிற்சாலை வரிசையொன்றை எக்காலமும் ஓட்டுமாறு எவரையும் கட்டாயப்படுத்த முடியாது. ஆயினும் தயாரிப்பை நிறுத்துவது வேறு, விற்றுவிட்ட பொருளைப் பிறர் பேணுவதற்கும் இடமில்லாமல் மூடி வைப்பது வேறு. முன்னது வியாபாரம். பின்னது வாங்கியவரின் உரிமையில் கைவைப்பது. பேட்டரியின் அளவையும் அட்டவணையின் அமைப்பையும் வெளியிட்டுவிட்டு விலகியிருந்தால், நிறுவனத்துக்கு ஒரு காசும் செலவாகியிருக்காது.

பேணுவதற்கு ஆட்கள் இருக்கிறார்கள் என்பதற்கு ராக்பாக்ஸ் சான்று. ஆர்க்கோஸ் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் பிளேயரில் இருந்த மென்பொருளில் நிறைவடையாத சுவீடன் நாட்டு நிரலர்கள், 2001-இல் அதற்கு மாற்றாக எழுதத் தொடங்கிய இலவச மென்பொருள் அது. இப்போது பல ஐபாட் மாடல்கள் உட்பட ஏராளமான பிளேயர்களில் இயங்குகிறது. அதை நிறுவிய ஐபாட்டில் பாட்டுக் கோப்புகளை நேரே இழுத்துப் போட்டாலே போதும், ஐடியூன்ஸ் தேவையில்லை. சுழலும் ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்.டி. கார்டுகளைச் செருகும் சிறு பலகைகளையும் சிலர் தயாரித்து விற்கிறார்கள். எடை குறைகிறது, கீழே விழுந்தாலும் டிஸ்க் அடிபடும் அச்சமில்லை. செய்த நிறுவனம் செய்ய மறுத்ததை, வாங்கியவர்கள் தம் சொந்த நேரத்தைச் செலவிட்டுச் செய்திருப்பது பாராட்டுக்குரியது. அதே வேளையில், கருவியைப் பிரிக்கும் துணிவில்லாத முதியவருக்கும் பார்வைக் குறைவுள்ளவருக்கும் இந்த வழி திறந்ததாகச் சொல்ல முடியாது. தனிப் பயன் கருவியைப் பெரிதும் விரும்புகிறவர்களே அவர்கள்தாம். இந்தியாவில் சரிகம நிறுவனம் 2017-இல் கொண்டுவந்த கார்வான், ஏற்கனவே பதிவு செய்த 5,000 பழைய பாடல்களோடு இணையமின்றி ஒலிப்பதாக இருந்ததால், முதியோர் உள்ள வீடுகளில் நல்ல வரவேற்புப் பெற்றது. அதன் தமிழ்ப் பதிப்பும் விற்பனைக்கு வந்தது.

புதிய பிளேயர்கள் இல்லாமல் போய்விடவில்லை. சோனியின் வாக்மேன் வரிசையும், தென் கொரியாவின் ஆஸ்டெல் அண்ட் கெர்னும், சீனாவின் ஃபியோவும் இன்றும் கடையில் கிடைக்கின்றன. ஆனால் இவற்றில் பல ஆண்ட்ராய்டு இயங்குதளத்தில் ஓடுவதால், பாட்டுச் செயலிகள் புதிய பதிப்பைக் கேட்கத் தொடங்கும் நாளில் இவையும் ஐபாட்டின் வழியில் போகும் வாய்ப்பு உண்டு. பாடகர் நீல் யங் முன்னின்று, 18,000-க்கும் மேற்பட்டோரிடம் 62 இலட்சம் டாலர் திரட்டி உருவாக்கிய போனோ பிளேயரின் கதையில் இதற்கு ஒரு பாடம் உண்டு. அதன் பாட்டுக் கடையைப் பின்னணியில் நடத்திய ஆம்னிஃபோன் நிறுவனத்தை 2016-இல் ஆப்பிள் வாங்கியதும் கடை மூடப்பட்டு, அடுத்த ஆண்டே திட்டமும் கைவிடப்பட்டது. ஆனால் பூட்டில்லாத கோப்புகளைக் கணினியிலிருந்து நேரே ஏற்றும்படி அக்கருவி செய்யப்பட்டிருந்ததால், கடை போனாலும் பாட்டு போகவில்லை.

சட்டம் இப்போதுதான் இந்தப் பக்கம் திரும்புகிறது. கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயன்படுத்துவோரே எளிதில் கழற்றி மாற்றும்படி அமைக்க வேண்டும் என்ற ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி 2027 பிப்ரவரி 18 முதல் நடைமுறைக்கு வருகிறது. 100 டாலருக்கு மேற்பட்ட மின்னணுப் பொருள்களுக்கு, கடைசியாகத் தயாரித்த நாளிலிருந்து ஏழாண்டுகள் உதிரிபாகம் தர வேண்டும் என்று கலிபோர்னியா 2024 ஜூலையில் கட்டாயமாக்கியது. 2021 ஜூலைக்குப் பிறகு முதன்முதலாக வந்த பொருள்களுக்கு மட்டுமே அது பொருந்துவதால், ஐபாட் வரிசை முழுவதும் அதன் வரம்புக்கு வெளியே நிற்கிறது. இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்காகக் குழு அமைத்து, அவ்வாண்டு டிசம்பரில் தகவல் தளமொன்றையும் தொடங்கியது. உதிரிபாகம் தருவதைக் கட்டாயமாக்கும் சட்டமாக அது இன்னும் வளர வேண்டும்.

அதுவரை, மேசை இழுப்பறையில் பழைய பிளேயர் வைத்திருப்போர் இந்த வாரமே செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. கருவி இன்னும் உயிரோடிருந்தால், கணினியில் இணைத்து அதிலுள்ள பாடல்களையும் குரல் பதிவுகளையும் பூட்டில்லாத கோப்புகளாக இரண்டு இடங்களில் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முதுகு ஓடு புடைத்திருந்தாலோ திரை மேலெழும்பியிருந்தாலோ உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது என்று பொருள். அதைச் சார்ஜில் போடாமல், குத்தி அழுத்தாமல், விவரம் தெரிந்த பழுதுபார்ப்பவரிடம் கொண்டு செல்லுங்கள்.